ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஒரே ஆரோகணம், அவரோகணம் என்றால் அவை எப்படி இரண்டு ராகங்கள்?

கீபோர்டில் இரண்டையும் வாசித்துப் பார்த்ததாகவும் ஒரே மாதிரி கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சரியாகத்தான் வாசித்திருக்கிறீர்கள். ஏறும்போது ஸ ரி ம ப த ஸ, இறங்கும்போது ஸ நி த ப ம க ரி ஸ. இரண்டுமே 29வது மேளமான, அதாவது தாய் ராகமான, தீரசங்கராபரணத்தின் ஜன்யம், அதிலிருந்து பிறந்தவை. ஸ்வர ஸ்தானங்களும் அதே அதே.

நானும் பதினாலு வயதில் இதே இடத்தில் திணறினேன். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீசுவரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு பெரியவரிடம் பாட்டுக் கற்றேன். ஐயா என்றுதான் கூப்பிடுவோம். கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'எந்நேரமும் உந்தன் சந்நிதியிலே' பாடம் முடிந்த அன்று, "தேவகாந்தாரிய கொஞ்சம் ஆலாபனை பண்ணு, பாப்போம்" என்றார். நான் ஸரிமபதஸ என்று விறுவிறுவென்று ஏறி, அதே வேகத்தில் இறங்கினேன். தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"தம்பி, நீ ஆரபிக்குப் போயிட்ட."

ஒரு ஸ்வரம்கூடத் தப்பவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐயா கோபிக்கவில்லை. "ரிஷபத்துல உக்காரு. நான் சொல்ற வரைக்கும் எழுந்திருக்காத" என்றார். ரி-யில் நின்றேன். மூச்சு முடியும் நேரத்தில் விரலை அசைத்தார். அப்போதுதான் காந்தாரத்துக்குப் போகலாம். அதையும் தொட்டுவிட்டு ஓடக்கூடாது, நீட்டி, அசைத்து, திரும்ப ரி-க்கு மெல்ல வரவேண்டும். அன்று சாயங்காலம் முழுக்க ரி, க, ரி மட்டும்தான். வீட்டுக்குக் கிளம்பும்போது தொண்டையில் தேவகாந்தாரி இருந்தது.

ஆரபியில் அதே காந்தாரத்தின் கதையே வேறு. இறங்கும்போது க குறுகி, மத்யமத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். ம க ரி என்று எழுதியிருப்பது காதுக்கு ஏறக்குறைய ம ம ரி. நிஷாதமும் அப்படியே மேல் ஷட்ஜத்தை ஒட்டிக் கிடக்கும். இந்த இரண்டு ஸ்வரங்களிலும் நிற்க இடமே கிடையாது. ஒரே ஸ்வரம் இரட்டையாக வரும் ஜண்டை ஸ்வரங்களும், இடையிலுள்ளதைத் தாண்டிப் போகும் தாட்டு ஸ்வரங்களும் ஆரபியில் துள்ளி விளையாடும். கம்பீரமான கன ராகங்கள் ஐந்தில் ஆரபியும் ஒன்று. தியாகராஜரின் பஞ்சரத்னத்தில் மூன்றாவதான 'சாதிஞ்செனே' ஆரபியில்தான். தேவகாந்தாரி சௌக்க காலத்தில், அதாவது மெதுவான நடையில், இழைந்து வருகிற ராகம். அதற்குக் கல்பனாஸ்வரம், அதாவது அந்த நேரத்தில் கற்பனையாகக் கோக்கும் ஸ்வரங்கள், பாடுகிறவர்கள் குறைவு. ஸ்வரமாக உடைத்து வேகமெடுத்தால் ஆரபி உள்ளே வந்துவிடும், நான் அன்று பாடியது போல.

கீபோர்டில் வித்தியாசம் தெரியாததற்குக் காரணமும் இதுவே. அழுத்தினால் ஒவ்வொரு கட்டையும் ஒரே இடத்தில் நிற்கும். நம் ராகங்களின் உயிர் பெரும்பாலும் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியில், கமகம் என்கிற அசைவில் இருக்கிறது. வீணையில் கம்பியை இழுத்தால் அது கிடைக்கும், வயலினில் விரலை நகர்த்தினால் கிடைக்கும்.

எழுத்தில் எவ்வளவு விட்டுப்போகிறது என்பதற்கு பைரவி ராகத்தைப் பாருங்கள். ஸ ரி க ம ப த நி ஸ என்று எழுதும்போது அந்த 'த' ஒரே எழுத்துதான். ஏறும்போது அது சற்று உயர்ந்த சதுஸ்ருதி தைவதம், இறங்கும்போது தாழ்ந்த சுத்த தைவதம்.

எங்கள் மாவட்டத்திலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. பண்ருட்டிக்குப் பக்கத்தில் திருவதிகை. 'கூற்றாயினவாறு விலக்ககலீர்' என்று அப்பர் தம் முதல் பதிகத்தைப் பாடிய ஊர். அதன் பண், அதாவது பழைய தமிழிசை ராகம், கொல்லி. ஓதுவார்கள் இன்று அதை நவரோஜ் ராகத்தில் பாடுகிறார்கள். நவரோஜின் வரிசை மந்திர பஞ்சமத்தில், அதாவது கீழ் ஸ்தாயிப் பஞ்சமத்தில், தொடங்கும்: ப த நி ஸ ரி க ம ப. அந்தக் கடைசிப் பஞ்சமத்துக்கு மேலே போகாது, மேல் ஷட்ஜத்தைத் தொடவே தொடாது. ஸ்வரங்களை மட்டும் கணக்கெடுத்தால் சங்கராபரணத்தின் ஏழும் வந்துவிடும். கேட்டால் சங்கராபரணத்தின் சாயலே தெரியாது. சூலை நோய் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் தணிந்த குரலில் முறையிடுவது போலிருக்கும்.

ஆரோகண அவரோகணத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. எந்த ஸ்வரம் வரும், எது வராது என்று அது சொல்லும். எதில் நிற்பது, எதைத் தொட்டுவிட்டு நகர்வது, எந்த வேகத்தில் பாடுவது, இதெல்லாம் உருப்படிகளில், அதாவது பாட்டுகளில், இருக்கிறது. வரிசையை மட்டும் மனப்பாடம் செய்ய வைத்து, ராகம் தெரியும் என்று பிள்ளைகளை நம்பவைப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஒரு வாரம் இப்படிச் செய்து பாருங்கள். காலையில் 'சாதிஞ்செனே', ராத்திரி 'எந்நேரமும்'. நல்ல பாடகர் யார் பாடினதாக இருந்தாலும் சரி. எட்டாம் நாள் கீபோர்டை மூடிவிட்டு, சுருதிப் பெட்டியை மட்டும் போட்டுக்கொண்டு ரிஷபத்தில் நில்லுங்கள். அவசரப்படாமல் காந்தாரத்துக்குப் போய்த் திரும்புங்கள். என்ன கேட்டது என்று இங்கேயே எழுதுங்கள், நான் பதில் போடுகிறேன்.