டிவி ஊத்துக்குளியில், ஓடிபி பெங்களூரில்

கேள்வி: ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். எனக்கு 56 வயது. இரண்டு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். போன பொங்கலுக்கு மகன் பெரிய ஸ்மார்ட் டிவி வாங்கி மாட்டிவிட்டு, கேபிளை நிறுத்திவிட்டான். அவன் வேலை பார்ப்பது பெங்களூரில். இப்போது எட்டு மணி சீரியல் போடக்கூட எனக்கு ஆள் வேண்டியிருக்கிறது. திடீர் திடீரென்று டிவி ஒரு நம்பர் கேட்கிறது. அது அவன் போனுக்குப் போகிறது. அவன் மீட்டிங்கில் இருந்தால் அன்றைக்குச் சீரியல் இல்லை. பாஸ்புக் என்ட்ரி போட்டுப் பார்த்தால் மாதாமாதம் 299, 149, 49 என்று என் பால் பணத்தில் இருந்து போயிருக்கிறது. எனக்கு ஒரு தகவலும் வந்ததில்லை. பேங்கில் கேட்டால் "பையனைக் கேளுங்கம்மா" என்கிறார்கள். பையனைக் கேட்டால் "அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா" என்கிறான். வீட்டுக்காரரோ பொழுதோட உட்கார்ந்து யூடியூபில் அரசியல் பேச்சைச் சத்தமாக வைத்துக் கேட்டுவிட்டு, அத்திக்கடவுத் திட்டத்தைக் கொண்டுவந்தது யார் என்று பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் அண்ணனோடு சண்டை போடுகிறார். பழையபடி கேபிளே போட்டுக்கொள்ளலாமா? இல்லை, எனக்குத்தான் மூளை மழுங்கிவிட்டதா?
- ஒரு வாசகி, ஊத்துக்குளி

பதில்:

அன்புள்ள அம்மிணிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். மூளை மழுங்கியவர் பாஸ்புக்கில் 49 ரூபாயைக் கண்டுபிடிக்க மாட்டார். கோயம்புத்தூரில் என் அக்கா மகன் ஒருவன் இருக்கிறான், கணக்கு எழுதுவதுதான் தொழில். எப்போதோ ஒரு நாள் திறந்து பார்த்த செயலிக்கு ஒரு வருடம் பணம் போய்க்கொண்டிருந்தது அவனுக்கே தெரியவில்லை. நீங்கள் அவனைவிடக் கெட்டிக்காரர்.

சரி, அந்த மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 497 ரூபாய். லிட்டர் 38 ரூபாய் என்று வைத்தாலும் 13 லிட்டர் பால். கோழி கூப்பிட எழுந்து, கட்டுத்தறி கூட்டி, தண்ணி காட்டி, கறந்து, சொசைட்டி வரைக்கும் கேனைத் தூக்கிப் போய் ஊற்றிய பால். மாதத்தில் அவ்வளவையும் நீங்கள் பார்க்காத படங்களுக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். மகனிடம் பேசும்போது ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு இந்தப் பால் கணக்கைச் சொல்லுங்கள். 497 அவருக்குச் சின்னத் தொகையாகத் தோன்றும். 13 லிட்டர் என்றால் எத்தனை செம்பு என்று சாளையில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். டிவி ஒரு தொல்லை, பேங்க் ஒரு தொல்லை, மகன் ஒரு தொல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது. உங்கள் வீட்டில் எல்லாமே மகனின் போன் நம்பரில் ஓடுகிறது. டிவியில் இருக்கும் செயலிகள் அவர் நம்பர். உங்கள் பேங்க் கணக்கும் அவர் நம்பர், அனேகமாகக் கணக்கு தொடங்கிய காலத்தில் உங்களிடம் போன் இருந்திருக்காது. கேஸ் புக்கிங்கும் அவர் நம்பராகத்தான் இருக்கும். சிலிண்டர் கொண்டுவருகிற பையன் கோடு நம்பர் கேட்கும்போது நீங்கள் பெங்களூருக்குப் போன் போடுகிறீர்களா, இல்லையா?

"எனக்கு ஒரு தகவலும் வந்ததில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, முடிச்சு அங்கேதான் இருக்கிறது. மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கிற ஏற்பாட்டுக்கு ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. 2021 அக்டோபர் 1-ல் இருந்து அது கண்டிப்பாக நடப்பில் இருக்கிறது. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால், இவ்வளவு எடுக்கப் போகிறோம் என்று கணக்கு வைத்திருப்பவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் நிறுத்த வழியும் இருக்க வேண்டும். தகவல் போயிருக்கும் அம்மிணி. பெங்களூருக்குப் போயிருக்கும். அங்கே ஒரு நாளைக்கு நூறு மெசேஜ் வருகிற போனில், சலுகை விலைச் சேலை விளம்பரத்துக்கும் லோன் வேணுமா என்பதற்கும் நடுவில் கிடந்திருக்கும்.

மகன் வேண்டுமென்று செய்தார் என்று நினைக்காதீர்கள். பொங்கல் லீவில் பத்து நிமிடத்தில் டிவியைத் தயார் செய்திருப்பார். "முதல் மாதம் இலவசம்" என்று காட்டியிருக்கும், அமுக்கியிருப்பார். உள்ளே போவதற்கு ஒரு பொத்தான், வெளியே வருவதற்கு ஏழு கதவு என்று அந்தக் கம்பெனிகள் கட்டிவைத்திருக்கின்றன. எலிப்பொறியும் அப்படித்தான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இந்த மாதிரி ஏமாற்று வடிவமைப்புகள் 13 வகை என்று பட்டியல் போட்டுத் தடை செய்தது. சந்தாவை நிறுத்த விடாமல் சிக்கவைப்பதும் அதில் ஒன்று. தடை போட்டும் பொறி பல இடத்தில் இருக்கத்தான் செய்கிறது.

என் கதையையும் சொல்கிறேன். எங்கள் வீட்டு இன்டர்நெட் இணைப்பு மாப்பிள்ளை நம்பரில் இருந்தது. போன ஆடியில் காற்றுக்கு ஒயர் அறுந்து நான்கு நாள் இணைப்பு இல்லை. கஸ்டமர் கேருக்குப் போட்டால் மெஷின் பேசுகிறது. ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து, கடைசியில் "பதிவு செய்த எண்ணில் இருந்து அழைக்கவும்" என்று வைத்துவிடுகிறது. மாப்பிள்ளையோ அப்போது சூரத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்தார். மாதம் தவறாமல் பணம் கட்டுவது நான், ஒயர் அறுந்து கிடப்பது என் வாசலில், ஆனால் புகார் சொல்லும் உரிமை சூரத்தில் இருக்கிறது! ஐந்தாம் நாள் தெருவில் வேறு வேலையாக வந்த லைன்மேனுக்கு மோர் கொடுத்து ஒயரைக் கட்டவைத்தேன். அந்த வாரமே நம்பரை மாற்றிக்கொண்டேன்.

இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. பணம் போவதைவிட அதுதான் எனக்கு வெசனம். சீரியல் பார்க்க வேண்டுமென்றால் மகன் போனில் ஓடிபி சொல்கிறார், நீங்கள் டிவியில் போடுகிறீர்கள். கேஸுக்கும் அப்படியே. போனில் ஓடிபி கேட்பதும் சொல்வதும் உங்கள் வீட்டில் காப்பி குடிப்பது மாதிரி சாதாரணமாகிவிட்டது. நாளைக்கு ஒருவன் "அம்மா, உங்க பையன் கூட வேலை செய்யறேன், ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்க" என்று நல்ல தமிழில் கேட்டால், பழகிய வாய் சொல்லிவிடும். படித்தவர்களும் இப்படித்தான் மாட்டுகிறார்கள். எந்தக் காலத்திலும், மகனே கேட்டாலும், பேங்க் ஓடிபியைப் போனில் சொல்லாதீர்கள். அவர் குரலில் பேசினாலும் வைத்துவிட்டு நீங்கள் திருப்பிக் கூப்பிடுங்கள். அப்படி ஏதாவது பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டாம். உடனே 1930-க்குப் போன். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது வேலை. வரிசை முக்கியம். முதலில் தானாகப் பணம் எடுக்கிற ஏற்பாடுகளை நிறுத்த வேண்டும், அப்புறம்தான் பேங்கில் நம்பர் மாற்ற வேண்டும். நம்பரை முதலில் மாற்றிவிட்டால் மகன் போனில் உங்கள் கணக்கு திறக்காது, எங்கெங்கே ஒப்புதல் கொடுத்திருக்கிறார் என்று தேடுவது கஷ்டமாகிவிடும். அவர் பணம் அனுப்பப் பயன்படுத்துகிற செயலியில் 'ஆட்டோபே' என்று ஓர் இடம் இருக்கும். அதற்குள் மூன்று பெயரும் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றாக ரத்து செய்யச் சொல்லுங்கள். டிவியில் இருந்து அந்தச் செயலியை அழித்துவிட்டால் போதும் என்று சொல்வார். போதாது. டிவியில் படம் இருக்காது, கணக்கில் இருந்து பணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

"உனக்குப் புரியாது" என்றால் கோபப்படாமல் ஒன்று சொல்லுங்கள்: "புரியற மாதிரி சொல்லு கண்ணு, காசு என்னுது." இதற்குமேல் பேச வேண்டாம்.

அப்புறம் பாஸ்புக், ஆதார் எடுத்துக்கொண்டு நீங்களே பேங்குக்குப் போய் உங்கள் நம்பரைப் பதிவு செய்யுங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்கும்போது "பையனைக் கேளுங்க" என்று சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. மறுபடியும் அதையே சொன்னால் எழுத்தில் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குச் சீல் போட்டு வாங்குங்கள். காகிதம் என்றால் கொஞ்சம் பயம் இருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. படக் கம்பெனிக்காரர்கள் ரத்து செய்த பிறகும் பணம் எடுத்தால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம். எந்தக் கஸ்டமர் கேர் நம்பரையும் கூகுளில் தேடி எடுக்காதீர்கள். திருடர்களும் அங்கே நம்பர் போட்டுவைத்திருக்கிறார்கள். பாஸ்புக்கிலோ கார்டுக்குப் பின்னாலோ அச்சடித்திருப்பதைப் பாருங்கள்.

போனிலேயே பணம் அனுப்பக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. உங்களுக்கு வேண்டியது பணம் வந்தாலும் போனாலும் உங்கள் போனில் டிங் என்று ஒரு மெசேஜ். அதைப் படித்தால் போதும். மற்றதெல்லாம் ஆசை இருந்தால் பிறகு.

கேபிளா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போடுங்கள். உங்களுக்கு வேண்டியது எட்டு மணிச் சீரியல், செய்தி, வெள்ளிக்கிழமை ஒரு பக்திப் பாட்டு. அதற்கு ஒரு பொத்தான் அமுக்கினால் ஓடுகிற பெட்டிதான் வசதி. வேண்டிய சேனலை மட்டும் தேர்ந்தெடுத்துக் காசு கட்டலாம் என்று 2019-லேயே விதி வந்துவிட்டது. கேபிள்காரர் மொத்தக் கட்டாகத்தான் கொடுப்பேன் என்று மல்லுக்கு நிற்பார். நீங்களும் நில்லுங்கள். பெரிய டிவியைக் கழற்ற வேண்டியதில்லை, கேபிள் பெட்டியை அதிலேயே மாட்டலாம். மகன் வரும்போது அவர் படம் பார்க்கட்டும், அவர் காசில். கேபிள் பழசாகிப் போனது என்று அவர் சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். ஊத்துக்குளி வெண்ணெய்கூடப் பழசுதான், பெங்களூருக்குப் போகும்போது டப்பாவில் எடுத்துப் போகிறாரா இல்லையா?

வீட்டுக்காரர் விஷயம். அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்துக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது எடப்பாடி பழனிசாமி, 2024 ஆகஸ்ட் 17-ல் திறந்துவைத்தது மு.க. ஸ்டாலின். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே போகிற பவானியின் உபரி நீரில் ஒன்றரை டிஎம்சியைப் பம்ப் செய்து 1,045 குளம் குட்டைகளை நிரப்புவது திட்டம். அதற்கும் முன்னால் அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்த ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆளுக்குப் பாதி சரி. இதை அப்படியே குரூப்பில் போட்டுவிட்டு, உங்கள் ஊர்க் குட்டைக்கு இந்த வருடம் தண்ணீர் வந்ததா என்று மட்டும் இரண்டு பேரையும் கேளுங்கள். சண்டை நிற்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். நோம்பிக்கு ஒரம்பரை, சொந்தபந்தமெல்லாம் கூடினால் மறுபடி தொடங்கும். ஆண்கள் திண்ணையில் செய்த வேலையை இப்போது போனில் செய்கிறார்கள், அவ்வளவுதான். சத்தத்துக்கு மட்டும் ஒரு ஹெட்செட் வாங்கிக் கொடுங்கள்.

டிவியில் யூடியூப் ஓடுவதும் மகன் ஐடியில்தானே? அப்படியென்றால் அப்பா பார்க்கிற பேச்சாளர்கள் எல்லாம் பெங்களூரில் மகன் போனிலும் வந்து வரிசையாக நிற்பார்கள். இந்த நம்பர் மாற்றும் வேலைக்கு அவரே அவசரப்பட இது ஒன்று போதும்.

அவர் ஊருக்கு வரப்போகிற தேதியைக் கேட்டு வையுங்கள். சனிக்கிழமை காலை வந்து இறங்குகிறவர் என்றால் அது முதல் சனியா மூன்றாவது சனியா என்று பாருங்கள். இரண்டாவதும் நான்காவதும் பேங்க் லீவு.