கறுப்பு எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஐயா,

ஆயர் ஈத்தாம் வீட்டில் லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லியை வளர்ப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் நானும் வாங்கினேன். பெண்ணை மூன்று மாதக் குட்டியாகப் பூச்சோங்கில் ஒருவரிடம் வாங்கினேன், ஒரு வருடம் கழித்து ஆணைச் செராஸில் வேறொருவரிடம். இரண்டும் அல்பினோ. உடம்பில் மஞ்சளும் மங்கிய பழுப்பும்தான், பொட்டுக் கறுப்பு கிடையாது. இந்த வருடம் சேர்த்துவிட்டேன். நான்கு ஈடு, ஈட்டுக்கு இரண்டு முட்டை. ஒன்று கெட்டுப்போய் ஏழு பொரித்தன. ஏழும் கறுப்புப் பட்டை போட்ட சாதாரணக் குஞ்சுகள்!

‘எவனோ உன்ன நல்லா ஏமாத்திட்டான்’ என்கிறார் என் கணவர். ‘பல்லிய அடைச்சு வெச்சா வீட்டுக்கு ஆகாது, அப்பவே சொன்னேன்’ என்கிறார் அத்தை. ஆணை விற்றவரைக் கேட்டால், முட்டை வைத்த இடம் குளிர்ச்சியாக இருந்ததால் கறுத்துவிட்டது என்கிறார். யார் சொல்வது சரி? இந்த ஏழையும் வளர்த்துத் தங்களுக்குள் சேர்த்தால் அல்பினோ வருமா? லெமன் ஃப்ரோஸ்ட் என்று ஒரு நிற வகை இப்போது கைக்கெட்டும் விலைக்கு வருகிறது, வாங்கலாமா? கடைசிக் குஞ்சு பொரித்து இரண்டு நாள் ஆகிறது, எதையும் தொடவில்லை. அதுவும் கவலையாக இருக்கிறது.

(பெயர் வேண்டாம்), செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள சகோதரி,

உங்களை யாரும் ஏமாற்றவில்லை. இரண்டும் அல்பினோதான், ஆனால் ஒரே அல்பினோ அல்ல.

செந்தூலில் இருப்பவருக்குத் தண்ணீர்த் தடையைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு ஃப்ளாட்டில் கீழே பம்ப் கெட்டுவிட்டது, மொட்டைமாடித் தொட்டி நன்றாக இருக்கிறது. பக்கத்து ஃப்ளாட்டில் பம்ப் ஓடுகிறது, தொட்டியின் வால்வு அடைத்துக்கொண்டது. இரண்டு வீட்டுக் குழாயையும் திறந்தால் வெறும் காற்றுதான். கறுப்பு நிறமியும் இப்படித்தான், உடம்புக்குள் பல படிகளைக் கடந்து உண்டாகிறது. எந்தப் படியில் அடைத்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: கறுப்பு இல்லை.

லெப்பர்ட் கெக்கோவில் இப்படி மூன்று அடைப்புகள் உண்டு. டிரெம்பர், ரெயின்வாட்டர், பெல் என்று பெயர். மூன்றும் அமெரிக்கப் பண்ணைகளில் தனித்தனியே தலைகாட்டியவை. ரெயின்வாட்டரை லாஸ் வேகாஸ் என்றும் சொல்வார்கள். மூன்றுமே ஒடுங்கிய பண்பு. அதாவது தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று ஒரே மரபணுவின் கெட்ட பிரதி இரண்டு சேர்ந்தால்தான் வெளியே தெரியும். உங்கள் பெண் கெட்ட பம்பையும் நல்ல தொட்டியையும் கொடுத்தது. ஆண் நல்ல பம்பையும் கெட்ட தொட்டியையும் கொடுத்தது. குஞ்சுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல பிரதி கிடைத்துவிட்டது. தண்ணீர் வந்துவிட்டது, கறுப்பும் வந்துவிட்டது. இதைச் சொல்ல ஏழு குஞ்சுகூடத் தேவையில்லை. ஒரே வகை அல்பினோ இரண்டு சேர்ந்தால் பிறப்பதெல்லாம் அல்பினோவாகத்தான் இருக்கும், ஒரு கறுப்புப் பட்டைகூட வராது.

இந்த ஊர்வனவற்றில் பெண், பழைய ஆணின் விந்தை மாதக்கணக்கில் உள்ளே வைத்திருக்கும். ஆகவே பெரிதாக வளர்ந்த பெண்ணை வாங்கியிருந்தால் எனக்கு வேறு சந்தேகம் வந்திருக்கும். நீங்கள் மூன்று மாதக் குட்டியை வாங்கியதால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. விற்றவர்கள் மேல் ஒரு குறை சொல்லலாம், எந்த அல்பினோ என்று இருவருமே சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை!

குளிரில் கறுத்தது என்று ஆணை விற்றவர் சொன்னதில் கால்வாசி உண்மை இருக்கிறது. முட்டைக்குக் கிடைக்கும் சூடு குறைந்தால் குஞ்சின் நிறம் கொஞ்சம் கருகலாக இருக்கும், கூடினால் வெளிறும். டிரெம்பர் குஞ்சு குளிரில் பொரித்தால் பட்டை சாக்லேட் நிறத்துக்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன். சாக்லேட் வரைக்கும்தான், கறுப்பு ஆகாது. சூடு உண்மையில் முடிவு செய்வது வேறொன்றை. இவற்றுக்கு ஆண், பெண்ணைப் பிரிக்கும் குரோமோசோம் இல்லை. 26 டிகிரியில் ஏறக்குறைய எல்லாம் பெண். 32, 33-ஐ ஒட்டிப் பெரும்பாலும் ஆண். 34, 35-க்குப் போனால் திரும்பவும் பெண். என் மாடி அலமாரியில் விடியற்காலையில் 28, பிற்பகல் மூன்று மணிக்கு 31. இன்குபேட்டர் வாங்காமல் ஐஸ்கிரீம் டப்பாவில் ஈரம் காக்கும் வெர்மிகுலைட் துகளை நனைத்துப் போட்டு அங்கேயே வைத்துவிடுகிறேன், பெண்தான் அதிகம் வருகிறது. செந்தூலிலும் அலமாரியில்தான் வைத்தீர்கள் என்றால் உங்கள் ஏழிலும் அப்படித்தான் இருக்கும்.

அத்தையிடம் ஒன்று சொல்லுங்கள். சுவர்ப் பல்லிக்கு விரலில் இருக்கும் ஒட்டும் மெத்தை இதற்குக் கிடையாது. சுவரில் ஏறாது, கூரையில் ஓடாது. தலையில் விழுந்தால்தானே பஞ்சாங்கத்தில் பலன் பார்க்க வேண்டும்? பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் கல்லுக் காட்டில் தரையோடு திரியும் பிராணி. இமையும் உண்டு, நம்மைப் போலக் கண் சிமிட்டும். அதைக் கிட்ட உட்காரவைத்துக் காட்டினால் அத்தை மனம் மாறலாம். என் அம்மா மாறினார்.

ஏழையும் தங்களுக்குள் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அல்பினோ வரும், ஆனாலும் சேர்க்காதீர்கள். கணக்குப்படி 16-க்கு 9 கறுப்புப் பட்டை, 7 அல்பினோ. அந்த ஏழில் மூன்று பாட்டியின் வகை, மூன்று தாத்தாவின் வகை, ஒன்று இரண்டும் சேர்ந்தது. எது எது என்று பார்த்துச் சொல்ல என்னால் முடியாது, விற்பவராலும் முடியாது. கறுப்புப் பட்டை ஒன்பதிலும் எட்டு எதையாவது ஒளித்து வைத்திருக்கும். அவற்றை வாங்கிப் போகிறவர் இரண்டு வருடம் கழித்து இன்னொருவருக்கு நீங்கள் எழுதிய இதே கடிதத்தை எழுதுவார். நல்ல வழி, வகை உறுதியாகத் தெரிந்த, ஆணோடு சேராத ஒரு டிரெம்பர் பெண்ணை உங்கள் ஆணோடு சேர்ப்பது. குஞ்சு அல்பினோவாக வந்தால் அவன் டிரெம்பர், பட்டையோடு வந்தால் வேறு வகை. ஏழு குஞ்சுகளின் டப்பாவிலும் ‘இரண்டு வகை அல்பினோ, உள்ளே மறைந்து’ என்று இன்றைக்கே எழுதி ஒட்டிவிடுங்கள். அழகில் அவை குறைந்தவை அல்ல. வளர வளரப் பட்டை உடைந்து புள்ளியாகும். 1854-இல் கல்கத்தா அருங்காட்சியகத்தின் எட்வர்ட் பிளைத் இதற்கு மாக்குலாரியஸ், புள்ளிக்காரன், என்று பெயர் வைத்தது வளர்ந்ததைப் பார்த்துத்தான். குஞ்சைப் பார்த்திருந்தால் வரிக்காரன் என்று வைத்திருப்பார்.

லெமன் ஃப்ரோஸ்ட் வேண்டாம். ஒன்று வாங்கினேன், யாரிடம் என்பது இங்கே தேவையில்லை. எலுமிச்சை மஞ்சள், கண்ணோரம் வெள்ளிப் பூச்சு, பார்த்தால் விடமாட்டீர்கள். பத்தாவது மாதம் கண்ணாடிப் பெட்டியில் அது முன்காலைத் தூக்கி நின்றபோது வயிற்றுப்புறம் தெரிந்தது. தோலுக்கு அடியில் ஊறவைத்த ஜவ்வரிசி மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தடிப்பு. ஒரு வாரத்தில் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு பட்டாணி அளவாயின. ஒளியைத் திருப்பி வெள்ளியாக மினுக்கும் நிறச்செல்கள்தான் கட்டுப்பாடில்லாமல் பெருகிப் புற்றாகின்றன. 2021-இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை ஸ்பின்ட்-1 என்ற மரபணுவோடு தொடர்புபடுத்தினார்கள். இந்த நிறமுள்ளவற்றில் எண்பது சதவீதத்துக்கு மேல் கட்டி வருகிறது. அந்த மினுக்கத்தை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் விலக்க வழியில்லை, இரண்டையும் தருவது ஒரே மாற்றம். விலை இறங்கியதற்குக் காரணம் அதுதான். எனிக்மா என்ற வகையையும் தவிர்த்துவிடுங்கள். தலை சாய்ந்து, நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டு, கண்ணெதிரே இருக்கும் புழுவைக் கவ்வத் தெரியாமல் தடுமாறும்.

குஞ்சுகளை விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் அலுவலகத்துக்கு ஒரு நடை போய் அனுமதி விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் அபராதம் சின்னத் தொகை இல்லை.

கடைசிக் குஞ்சுக்காகப் பதற வேண்டாம். வயிற்றில் மஞ்சள் கரு இன்னும் மிச்சம் இருக்கும். முதல் தோலை உரித்து அதையே தின்றுவிட்டு, மூன்று நான்கு நாள் கழித்துத்தான் இரை தேடும். ஈரத் துணி ஒரு மூலையில் இருக்கட்டும், பாட்டில் மூடியில் தண்ணீர் வையுங்கள். வாயைத் திறந்து புழுவைத் திணிக்காதீர்கள். சனிக்கிழமையும் தின்னவில்லை என்றால் மிகச் சிறிய மீல்வர்ம் புழு ஒன்றின் தலையை நசுக்கி அதன் மூக்கருகே ஆட்டிப் பாருங்கள். வாலை வளைத்து ஆட்டினால் பாயப்போகிறது என்று அர்த்தம், உங்கள் விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.