இருட்டில் சாப்பாடு: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: என் கணவரின் பிறந்தநாளுக்கு, முழு இருட்டில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து ஒன்றுக்குக் குடும்பத்தோடு போகலாம் என்று நினைக்கிறேன். தலைக்கு 2,500 ரூபாய். மெனுவை முன்கூட்டியே சொல்ல மாட்டார்களாம். அட்வான்ஸும் திரும்பக் கிடைக்காதாம். அவருக்கு இறால் ஒத்துக்கொள்ளாது, மாமியார் சுத்த சைவம். இவ்வளவு காசு கொடுக்கிற அளவுக்கு இதில் என்ன இருக்கிறது?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: நல்ல இடமாக அமைந்தால் நிச்சயம் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் 1999-ல் பார்வையற்றவர்கள் முன்னின்று இப்படி ஓர் உணவகத்தைத் தொடங்கினார்கள். 2004-ல் பாரிஸிலும் ஒன்று வந்தது. நம் பக்கத்தில் ஹைதராபாத் இனார்பிட் மாலில் ‘டேஸ்ட் ஆஃப் டார்க்னெஸ்’ என்ற பெயரில் நடத்தினார்கள். முறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். போன், மின்னும் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வெளியே லாக்கரில் வைத்துவிட வேண்டும். பரிமாறுபவரின் தோளில் கை வைத்து, ஒருவர் பின் ஒருவராக உள்ளே போக வேண்டும். டம்ளர் எங்கே, தட்டு எங்கே என்று அவரே சொல்லித் தருவார். சமையலறையில் மட்டும் விளக்கு எரியும். வாயில் இருப்பது பனீரா கோழியா என்றுகூடச் சில சமயம் பிடிபடாது. நிறத்தையும் உருவத்தையும் பார்த்தே பாதி ருசியை முடிவு செய்துவிடுகிறோம் என்பது அப்போதுதான் உறைக்கும். கையால் பிசைந்து சாப்பிட்டுப் பழகிய நமக்கு, முள்கரண்டியோடு தடவுகிறவர்களைவிட இது எளிது.

ஆகவே முதல் கேள்வி, யார் பரிமாறுகிறார்கள் என்பது. பார்வை மாற்றுத்திறனாளிகள் சம்பளத்துக்கு வேலை செய்கிற இடம் என்றால், அவர்களுடைய திறமைக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். அந்த இருட்டில் வழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சாதாரண ஹாலில் கண்ணைக் கட்டிவிட்டு, வழக்கமான சர்வர்களை வைத்து நடத்துவதென்றால் நான் 2,500 ரூபாய் கொடுக்க மாட்டேன்.

இரண்டாவது இறால். இதில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். என்ன உணவு என்பது ரகசியமாக இருக்கலாம், அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது ரகசியமாக இருக்கக் கூடாது. இறால், நண்டு இல்லாத சாப்பாடு வேண்டும், அதே எண்ணெயிலும் அதே வாணலியிலும் சமைத்ததாக இருக்கக் கூடாது என்று வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுதி அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். போனில் “பார்த்துக்கலாம் மேடம்” என்று சொன்னால் போதாது. வெளிச்சத்தில் என்றால் உதடு வீங்குவதையும் தோல் சிவப்பதையும் பக்கத்தில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். இருட்டில் யாருக்கும் தெரியாது. தொண்டை கொஞ்சம் அரித்தாலும் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று உங்கள் கணவரிடம் சொல்லிவையுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், லாக்கரில் வேண்டாம். அவசரமென்றால் விளக்கு எவ்வளவு சீக்கிரம் எரியும், வெளியேறும் வழி எது என்பதையும் உள்ளே போகும் முன் கேளுங்கள்.

மாமியாரை வரிசையின் ஓரத்தில் உட்கார வையுங்கள். இருட்டில் கை பக்கத்துத் தட்டுக்குப் போவது சகஜம். சைவம் கேட்டவருக்கு அசைவம் வைத்ததற்காக நுகர்வோர் ஆணையங்கள் இழப்பீடு வழங்கியிருக்கின்றன. ஆனால் பல வருஷ விரதம் கெட்ட பிறகு கிடைக்கும் பணத்தால் அவருக்கு என்ன ஆறுதல்? நடுவில் கழிவறைக்குப் போவதென்றாலும் பரிமாறுபவர்தான் கூட்டிப்போக வேண்டும், அதையும் மாமியாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், மீன் உண்டென்றால் முள் எடுத்ததா என்று கேளுங்கள். காசிமேட்டு மீனில் வளர்ந்தவர்களும் முள்ளைக் கண்ணால் பார்த்துத்தான் எடுக்கிறோம்.

அட்வான்ஸ் விஷயம். நீங்களாக மனம் மாறி ரத்து செய்தால் அவர்கள் போட்ட நிபந்தனை பெரும்பாலும் நிற்கும். ஆனால் அவர்கள் நிகழ்ச்சியை நடத்தாமல் விட்டாலோ, சொன்னபடி சேவை இல்லாவிட்டாலோ ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருப்பதைக் காட்டித் தப்பிக்க முடியாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அது நியாயமற்ற வணிக முறைக்குள் வரும். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் முதலில் புகார் கொடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். விருந்து வேறு ஊரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: இதே மாதிரி ஒரு விருந்துக்குப் போனோம். பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டு, பரிமாறிய பார்வையற்றவர்களுக்குத்தான் போகிறது என்றார்கள். மறுக்க மனசு வரவில்லை. சரிதானா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: சரியில்லை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் இதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் அதே 1915. ஜிஎஸ்டி வேறு, அது அரசுக்குப் போவது. பெரும்பாலான உணவகங்களில் 5 சதவீதம், அறை வாடகை நாளுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஹோட்டல்களுக்குள் 18.

பரிமாறியவருக்குக் கொடுக்க ஆசைப்படுகிறீர்கள், அது நல்ல மனசு. அதை அவர் கையிலேயே கொடுங்கள். முதலாளி வழியாகப் போனால் எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. எவ்வளவு கொடுத்தீர்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்ற தயக்கமும் வேண்டாம். புதிய 100 ரூபாய் நோட்டின் ஓரத்தில் நான்கு கோடுகள் மேடாக இருக்கும், 500-ல் ஐந்து. விரலாலேயே அவர் தெரிந்துகொள்வார். கசங்காத நோட்டாகப் பார்த்து எடுத்துப் போங்கள், பழைய நோட்டில் அந்தக் கோடுகள் தேய்ந்துபோயிருக்கும்.