கேபிளை நிறுத்திவிட்டு ஓடிடி மட்டும் போதுமா?

அம்மா தினமும் சீரியல் பார்க்கிறார், நான் இரவில் படம் மட்டும், கேபிளை நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள்.

முதலில் அம்மா எந்தச் சேனல்கள் பார்க்கிறார் என்று கேளுங்கள். சன் டிவி சீரியல்கள் சன் நெக்ஸ்டில், விஜய் டிவி ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் ஜீ5-இல் எனப் பிரிந்து கிடக்கின்றன. மூன்றையும் பார்ப்பவருக்கு மூன்று சந்தா ஆகிவிடும். கேபிளில் எல்லாம் ஒரே பில். அந்த பில்லையும் குறைக்கலாம்: 2019-இல் நடைமுறைக்கு வந்த டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி, வேண்டிய கட்டணச் சேனல்களை மட்டும் தனித்தனியாக எடுக்கலாம். ஆபரேட்டர் சொல்லும் பெரிய பேக்கை அப்படியே வாங்க வேண்டியதில்லை. நிறையப் பேர் இதைக் கேட்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

அப்புறம் இன்டர்நெட். எச்டி தரத்தில் மணிக்கு 3 ஜிபி வரை போகும். தினம் 2 ஜிபி தரும் மொபைல் பேக்கில் ஒரு படம்கூட முடியாது. வீட்டில் பிராட்பேண்ட் இல்லையென்றால் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

உங்கள் வீட்டுக்கு, அம்மாவுக்கு நாலைந்து சேனலோடு கேபிள், உங்களுக்கு ஒரே ஒரு ஓடிடி. அதையும் மாதச் சந்தாவாக எடுங்கள், படம் பார்க்க நேரமில்லாத மாதம் நிறுத்திக்கொள்ளலாம்.