20 வெள்ளி சாப்பா, 90 வெள்ளி சாப்பா?

கேள்வி: அண்ணே வணக்கம், நாங்க மலேசியாவுல சுங்கை சீப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கோம். மவளுக்கு மாப்ள ஆஸ்திரேலியாவுல, விசா போடணும். சூராட் பெரானா, அதான் பொறப்பு சர்டிபிகேட், மலாய்ல இருக்கு, செர்ட்டிஃபைட் டிரான்ஸ்லேஷன் வேணுமாம். டவுன்ல போட்டோஸ்டேட் கடையில 20 வெள்ளிக்கு (ரிங்கிட்) இங்கிலீஷ்ல அடிச்சு சாப்பும் (முத்திரை) குத்தி தரேன்றாங்க, ஈப்போவுல ஒருத்தர் 90 கேக்குறாரு. ஒரே ஒரு பக்கம்தானே, எதுக்குண்ணே இவ்ளோ வித்தியாசம்?

பதில்: அக்கா, வெலைய அப்புறம் பாப்போம், அந்த 20 வெள்ளி கடைக்காரர் என்ன சாப்பு குத்துறாருன்னு மொதல்ல கேளுங்க. நம்ம ஊர்ல பாதி பேருக்கு கொழப்பம் இங்கதான். ஹெட்மாஸ்டர் காப்பி மேல சைன் போட்டு சாப்பு குத்துவாரே, அது 'இந்த காப்பியும் ஒரிஜினலும் ஒண்ணுதான்'னு மட்டும்தான் சொல்லுது. சத்தியப் பிரமாணம் வாங்குற கமிஷனர் ஃபார் ஓத்ஸ்கிட்ட போனாலும், சத்தியம் பண்ணி கையெழுத்து போட்டது இந்த ஆளுதான்னு அவர் பாப்பாரு, இங்கிலீஷ் சரியா தப்பான்னு பாக்குறது அவர் வேலை இல்ல.

உங்களுக்கு வேண்டியது மொழிபெயர்த்தவரே பொறுப்பெடுத்து எழுதி தர்ற பேப்பர். அதுல என்ன இருக்கணும்னு முடிவு பண்றது கடைக்காரரும் இல்ல நானும் இல்ல, பேப்பர வாங்குற நாடு. ஆஸ்திரேலியா குடிநுழைவுல, அங்க உள்ளவங்க மொழிபெயர்த்தா நாட்டி (NAATI, மொழிபெயர்ப்பாளர்களுக்கு அங்கீகாரம் குடுக்குற அந்த நாட்டு அமைப்பு) அங்கீகாரம் இருக்கணும், வெளிநாட்டுல செஞ்சா அது கட்டாயம் இல்ல, ஆனா செஞ்சவரோட முழுப்பேரு, அட்ரஸ், போன் நம்பர், அந்த மொழியில அவருக்கு உள்ள படிப்பு அனுபவம் எல்லாம் இங்கிலீஷ்லயே எழுதியிருக்கணும். ஈப்போக்காரர் இதெல்லாம் போட்டு தருவாரான்னு கேளுங்க, தரலன்னா அவர் 90க்கும் அது வெறும் பேப்பருதான். கனடாவா இருந்தா வேற ரூல், சொந்தக்காரங்க மொழிபெயர்த்தா எடுக்கவே மாட்டாங்க. சில இடத்துல ஐடிபிஎம் (ITBM) சாப்புதான் வேணும்பாங்க, அது கோலாலம்பூர்ல இருக்குற, 1993ல அரசாங்கம் ஆரம்பிச்ச மொழிபெயர்ப்பு நிறுவனம். கேட்டா மட்டும் அங்க போங்க, கேக்காம செலவு பண்ணாதீங்க.

இப்ப பேரு விஷயம், தோட்டத்து பேப்பர்ல இதுதான் பெரிய தலவலி. அந்தக்காலத்துல எழுதுனவர் காதுல விழுந்தபடி எழுதி வச்சிருப்பாரு, சூராட் பெரானால லெட்சுமி ஒரு மாதிரி, ஐசில (அடையாள அட்டை) இன்னொரு மாதிரி. மொழிபெயர்க்கறவர் நல்லது பண்றதா நெனச்சு அத திருத்தவே கூடாது, ஒரிஜினல்ல உள்ள எழுத்து அப்படியே வரணும். பேருல 'இன்னாரோட மக'ன்னு மலாய்ல வர்ற ஏ/பி-ய (A/P) எடுத்துட்டு இங்கிலீஷ்ல டி/ஓ (D/O) போட்டுருவாங்க சில பேரு, அப்புறம் பாஸ்போர்ட்டோட ஒத்துப்போகாது, அதனால மவளோட பாஸ்போர்ட் பக்கத்தையும் சேத்தே குடுங்க. பேரே தப்புன்னா அது ஜேபிஎன்ல (தேசியப் பதிவுத்துறை) போய் திருத்த வேண்டியது, டிரான்ஸ்லேஷன்ல மறைக்க முடியாது. பின்பக்கம், முத்திரை, ஓரத்துல கையால எழுதுனது எதையும் விடாம மொழிபெயர்த்திருக்கான்னு பாருங்க.

ஒரிஜினல யார்கிட்டயும் விட்டுட்டு வராதீங்க, ஸ்கேன் போதும். 90 வெள்ளி ஒரு பக்கத்துக்கா மொத்தத்துக்கா, அவர் தப்புன்னா சும்மா திருத்தி தருவாரான்னு வாட்சப்லயே கேட்டு வைங்க, ரெசிட்டும் வாங்கிடுங்க. காசு வாங்கிட்டு வேலைய கெடுத்துட்டு கை விரிச்சா பயனீட்டாளர் டிரிபியூனல் இருக்கு, மனு போட 5 வெள்ளிதான், லாயர் தேவையில்ல.