கிளிப்பருவம் உண்டா?

வணக்கம் சார்,

டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். 8 வயது மகளை ஒரு ‘கிளாசிக்கல்’ பள்ளியில் சேர்க்கலாமா என்று யோசனை. போய்ப் பார்த்தோம். வரலாற்று ஆண்டுகளையும் லத்தீன் விகுதிகளையும் பிள்ளைகள் பாட்டாகப் பாடுகிறார்கள். “11 வயதுவரை மனப்பாடம், 14 வரை தர்க்கம், அப்புறம் பேச்சுக்கலை. கிரேக்க, ரோமானியக் காலத்திலிருந்தே இதுதான் குழந்தை வளர்ச்சியின் வரிசை” என்கிறார்கள். உண்மையா? என் மகள் வாய் ஓயாமல் ‘ஏன்’ கேட்பவள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இலக்கணம், தர்க்கம், பேச்சுக்கலை மூன்றும் பழையவைதான். இடைக்கால ஐரோப்பாவில் டிரிவியம் என்பார்கள். ஆனால் அவை பாடங்கள், பருவங்கள் அல்ல. அவற்றை வயதோடு முடிச்சுப் போட்டவர் டோரதி சேயர்ஸ். துப்பறியும் கதை எழுதிப் பேர் வாங்கிய ஆங்கில எழுத்தாளர். 1947இல் ஆக்ஸ்போர்டில் வாசித்த கட்டுரையில் கிளிபோல ஒப்பிக்கும் கிளிப்பருவம் (இலக்கணம்), எதிர்வாதம் செய்யும் துடுக்குப் பருவம் (தர்க்கம்), கவிதைப் பருவம் (பேச்சுக்கலை) என்று பிரித்தார். ஆதாரம் அவருடைய சொந்தப் பிள்ளைப்பிராயம்தான். உள்ளிருந்து தனக்குத் தெரிந்த ஒரே குழந்தை தான்தான் என்று அவரே சொல்லிவிடுகிறார். பின்னால் அமெரிக்காவில் அதைப் பாடத்திட்டமாக்கியவர்களிடம் அந்த அடக்கத்தைக் காணோம்.

பிளேட்டோவிடம் போனால் கதையே வேறு. ‘குடியரசு’ நூலில் 30 வயதுக்கு முன் தர்க்க விவாதத்தைக் கற்றுத்தரவே அவர் சம்மதிப்பதில்லை. விடலைகள் கையில் அது கிடைத்தால் நாய்க்குட்டிகள்போல அருகில் வருபவரையெல்லாம் கடித்து இழுப்பார்கள் என்று பயம். 12 வயதில் தர்க்கம் என்ற யோசனையைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

நீங்கள் கேட்க வேண்டிய ஆள் குவின்டிலியன். முதல் நூற்றாண்டில் ரோமில் பேச்சுக்கலை சொல்லிக்கொடுத்த வாத்தியார். சின்ன வயதில் நினைவாற்றல் பலமாக இருக்கும், 7 வயதுவரை அதை வீணாக்காதீர்கள் என்றவர்தான். ஆனால் எழுத்துகளின் வடிவம் தெரியுமுன் பெயர்களை வரிசையாக ஒப்பிக்க வைப்பது அவருக்குப் பிடிக்காது. பிள்ளை எழுத்தைப் பார்க்காமல் நினைவைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடும் என்பார். அதனால்தான் ஆசிரியர்கள் வரிசையைத் திருப்பியும் கலைத்தும் கேட்கிறார்கள் என்கிறார். தந்தத்தில் செய்த எழுத்துகளைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுக்கலாம், எடுத்துப் பார்க்கட்டும், தடவட்டும், பெயர் சொல்லட்டும் என்று எழுதியிருக்கிறார். அடிப்பதை அடியோடு வெறுத்தவர்.

குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜேயைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. சுமார் 7 முதல் 11 வரையான குழந்தை, கண்முன் பொருள் இருந்தால் தர்க்கமாகவே யோசிக்கும் என்றவர் அவர். கிளி என்று எங்கும் சொல்லவில்லை.

மனப்பாடத்தை நான் குறை சொல்லவில்லை. வாய்ப்பாடு நெட்டுருவாகத் தெரிந்த பிள்ளைக்குப் பின்னக் கணக்கு லேசாக வரும். பாட்டாக வந்தால் இன்னும் நல்லது. காரணம் கேட்க இன்னும் 3 வருடம் காத்திரு என்று 8 வயதுக்காரியிடம் சொல்வதுதான் எனக்கு ஒப்பவில்லை.

சேர்க்குமுன் ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஆண்டுகளின் பாட்டை நடுவிலிருந்து தொடங்கச் சொன்னால் பிள்ளைகள் பாடுகிறார்களா? ஒரு பிள்ளை இடையில் கை தூக்கி ‘ஏன்’ என்றால் டீச்சர் பாட்டை நிறுத்துகிறாரா? நிறுத்தினால் தைரியமாகச் சேருங்கள்.