படையலில் பாட்டில் வேண்டாம்

கேள்வி: எனக்கு 47 வயது. கோவை கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நானும் என் நண்பனும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். ஐடிஐயில் டர்னர் டிரேடும் ஒன்றாகவே முடித்தோம். மோட்டார் ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவான். இருபது வருடமாகக் குடி. கடைசி வருடங்களில் காலையில் கை நடுங்கும். கடை மதியம்தான் திறக்கும் என்பதால் முந்தின இரவே ஒரு குவாட்டரை டூல் பாக்ஸில் ஒளித்து வைத்திருப்பான். இரண்டு முறை மறுவாழ்வு மையத்தில் சேர்த்தோம். வருடா வருடம் சபரிமலைக்கு மாலை போடுவான். அந்த 48 நாளும் தொடமாட்டான். அப்புறம் பழைய கதைதான். ஒரு நாள் ராத்திரி மூன்று முறை போன் செய்தான். பணம் கேட்கத்தான் என்று நினைத்து நான் எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ரத்த வாந்தி எடுத்து இறந்துவிட்டான். அழுதேன், கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. அடுத்த மாதம் வருஷ திதி. ‘அவனுக்குப் பிடிச்சதை வைக்கணும்டா’ என்று எங்கள் செட்டில் படையலுக்கு ஒரு குவாட்டர் வாங்கச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்வதில் ஒருவன் இப்போது அதே வழியில்தான் போகிறான். இறந்துபோன என் நண்பனின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அவள், ‘மாமா, எங்கப்பா நல்லவரா?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அவனை நான் எப்படி நினைத்துக்கொள்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நாள் நெருங்குவதால் முதலில் படையல். பாட்டில் வைக்க வேண்டாம். உங்கள் செட்டில் எத்தனை பேர் வற்புறுத்தினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போனவருக்குப் பிடித்ததைப் படைப்பது அன்பான வழக்கம். சுருட்டுப் பிடித்த தாத்தாவுக்குச் சுருட்டு வைக்கிறோம், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் உங்கள் நண்பருக்குக் குடி பிடித்தா இருந்தது? வருடக்கணக்கில் தினமும் குடிக்கும்போது மூளை சாராயத்துக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்கிறது. சாராயம் நரம்புகளை அமுக்கிவைக்கும். அதை மீறி வேலை நடக்க வேண்டும் என்று மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். ராத்திரி உள்ளே போனது காலையில் வடிந்ததும் அந்த வேகம் மட்டும் மிஞ்சும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு எல்லாம் அதனால்தான். சிலருக்கு வலிப்பே வரும். லேத்துக்கு முன்னால் நிற்கிற டர்னருக்குக் கை நடுங்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டூல் பாக்ஸில் இருந்த அந்தக் குவாட்டர், வேலைக்குக் கையை நிலைநிறுத்திக்கொள்ள அவர் வைத்திருந்த மருந்து. ஆசையாகக் குடித்த காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அவரைப் பிடித்து ஆட்டியதைக் கொண்டுவந்து அவருடைய போட்டோவுக்கு முன்னால் வைப்பது எப்படி அன்பாகும்? அதையும் அவர் மகள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது?

அவருக்கு நிஜமாகவே பிடித்தது எது என்று அவர் மனைவியிடம் கேளுங்கள். அரிசிம்பருப்பு சாதமாக இருக்கலாம், பேக்கரி தேங்காய் பன்னாக இருக்கலாம். ஐடிஐ நாட்களில் எதற்குக் காசு சேர்த்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை வையுங்கள்.

அடுத்தது அந்த மூன்று போன் அழைப்புகள். உங்கள் கடிதத்தில் மிகவும் கனமான இடம் அதுதான் என்று எனக்குப் பட்டது. நீண்ட காலக் குடியில் ஈரல் தழும்பேறி இறுகிப்போகிறது. வயிற்றுப் பகுதியிலிருந்து ஈரலுக்கு வரும் ரத்தம் உள்ளே நுழைய முடியாமல் தேங்குகிறது. அந்த அழுத்தத்தில் உணவுக்குழாயின் அடியில் இருக்கும் ரத்தக்குழாய்கள் புடைத்துக்கொண்டு, ஏதோ ஒரு நாள் வெடிக்கின்றன. குடியால் ஈரல் கெட்டவர்கள் ரத்த வாந்தி எடுக்கும்போது பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான். இது ஒரு ராத்திரியில் உருவாவதில்லை, பல வருடங்களாக உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். நீங்கள் போனை எடுக்காததால் அந்தக் குழாய் வெடிக்கவில்லை. பணம் அனுப்பியிருந்தாலும் அது சரியாகியிருக்காது.

ஆனால் ஒன்றை உங்களிடம் மறைக்க மாட்டேன். எடுத்திருந்தால் அவர் குரலைக் கடைசியாக ஒரு முறை கேட்டிருப்பீர்கள். அந்த இழப்பு நிஜமானது, அதற்காக வருந்துங்கள். கொன்றுவிட்டேன் என்று மட்டும் வருந்தாதீர்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்குமாக 1951இல் அமெரிக்காவில் தொடங்கிய அல்-அனான் குழுக்களில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வார்கள்: இதை நாம் உண்டாக்கவில்லை, நம்மால் இதைக் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது. பணம் தர மறுத்தது, போனைத் தவிர்த்தது எல்லாம் இருபது வருடம் கூடவே நின்று களைத்துப்போன ஒருவர் செய்தவை.

அந்த 48 நாள் கணக்கும் உங்களைக் குடைகிறது என்று நினைக்கிறேன். இது பல வீடுகளில் கேட்கிற கேள்விதான். ‘சாமிக்கு இருக்க முடியுது, பெண்டாட்டி பிள்ளைக்கு இருக்க முடியலையா?’ மாலை போட்டவுடன் என்னென்ன மாறுகிறது என்று யோசித்துப் பாருங்கள். உடை மாறுகிறது, குளியல் நேரம் மாறுகிறது, சாயங்காலம் கடைக்குப் போகிற நேரத்தில் பஜனை இருக்கிறது. எல்லோரும் ‘சாமி’ என்று கூப்பிடுகிறார்கள், ஒருவர்கூட ‘வா மாப்ள, ஒரு கட்டிங்’ என்று அழைப்பதில்லை. முடிவு தேதியும் கண்ணுக்குத் தெரிகிறது. மாலையைக் கழற்றிய அன்றே இவ்வளவும் ஒரே நேரத்தில் போய்விடுகிறது. பட்டறை, கடை, செட் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நிறுத்துவது ஒரு வேலை, நிறுத்திய நிலையில் வாழ்வது வேறு வேலை. இரண்டாவதுக்கு அவருக்குத் துணை போதவில்லை. ஒவ்வொரு கார்த்திகையிலும் அவர் மறுபடி மாலை போட்டார் என்பதை நான் நடிப்பாகப் பார்க்கவில்லை. குடியோடு அவர் வருடா வருடம் மல்லுக்கட்டியிருக்கிறார். நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டியவற்றில் இது முக்கியமானது.

நிம்மதி வந்தது பற்றி. வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். எந்த ராத்திரி என்ன செய்தி வருமோ என்று வருடக்கணக்கில் காத்திருந்த உடம்பு அது. பயம் முடிந்துவிட்டது என்று அதற்குத் தெரிந்ததும் தளர்ந்தது. ஆள் போனதில் உங்களுக்கு நிம்மதி என்று அதற்கு அர்த்தமில்லை. இதைச் சொல்ல இடமில்லாமல் போனதற்கும் ஒரு காரணம் உண்டு. நம் ஊர்ச் சாவில் பங்காளிக்குத் தீட்டு உண்டு, சம்பந்தி வீட்டுக்குக் கோடி போடும் முறை உண்டு. முப்பத்தைந்து வருடம் கூட இருந்த நண்பனுக்கு, தோள் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் குளிப்பதைத் தவிர எந்த முறையும் இல்லை. அதுவும் குடித்து இறந்தவர் என்றால், ‘விடுப்பா, அவனே தேடிக்கிட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஊர் ஏற்றுக்கொள்ளாத இந்த மாதிரித் துக்கத்தைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1980களிலிருந்தே எழுதிவருகிறார். அழ இடம் கிடைக்காத துக்கம் இன்னும் சிக்கலாகிறது என்கிறார். உங்கள் வீட்டிலாவது இதைச் சொல்லுங்கள். எனக்கு எழுதியதை அப்படியே உங்கள் மனைவியிடம் படித்துக்காட்டினாலும் போதும்.

இனி அந்தப் பெண். ‘நல்லவர்தான் கண்ணு’ என்று சொல்லிவிட்டு நழுவாதீர்கள். பதினேழு வயதுப் பிள்ளை, அந்த வீட்டில் வளர்ந்தவள், பொய்யைக் கண்டுபிடித்துவிடுவாள். ‘உன்மேல பாசம் இருந்திருந்தா விட்டிருப்பாரு’ என்ற பேச்சை யார் எடுத்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். நான் போதவில்லை என்றுதான் அது குழந்தையின் காதில் விழும். நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: ‘கண்ணு, உங்கப்பா கெட்டிக்காரர், எனக்கு உயிர். குடி அவருக்கு நோயாயிடுச்சு. அதால உங்களையெல்லாம் ரொம்பக் கஷ்டப்படுத்தினார், அது தப்புதான். வருஷா வருஷம் விடப் பார்த்தார், முடியல. இதுல உன் தப்பு எதுவும் இல்ல.’ அப்புறம் அந்த பேரிங் கதையைச் சொல்லுங்கள். அவள் அப்பா நிதானமாக இருந்த வருடங்களைப் பார்த்தவர் நீங்கள். அவளுக்கு அது வேறு யாரிடமும் கிடைக்காது. அவளுக்குக் கோபம் வந்தால் வரட்டும், குறுக்கே பேசாதீர்கள்.

இன்னொரு காரணத்துக்காகவும் அவளிடம் உண்மையைப் பேச வேண்டும். குடிக்கு அடிமையாகும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையாக வருவது என்று இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. இது தலையெழுத்து இல்லை, ஆனால் அவளும் கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய விஷயம்.

அவர் மனைவியிடம் மட்டும் பார்த்துப் பேசுங்கள். உங்களுக்கு நண்பன், அவருக்கு அப்படி இல்லை. அவரை மன்னித்துவிடுங்கள் அம்மா என்றெல்லாம் நீங்கள் கேட்காதீர்கள். அது அவருடைய பாடு. நண்பர் உங்களிடம் வாங்கிய பணத்தைப் பற்றி அந்த வீட்டில் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

கடைசியாக, பாட்டில் வைக்கச் சொல்கிறவர்களில் அதே வழியில் போகும் அந்த ஒருவர். அவரிடம் திதிக்கு முன்பே, அவர் குடிக்காத நேரமாகப் பார்த்துத் தனியாகப் பேசுங்கள். ‘இந்த வருஷம் மாலை போட்டு விட்டுடறேன்’ என்று சொன்னால், நல்லது, ஆனால் முதலில் டாக்டர் என்று சொல்லுங்கள். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்போ பிதற்றலோ வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே நீங்களே கூட்டிப்போங்கள். போதை மீட்புக்கான மத்திய அரசின் இலவச எண் 14446. உங்களுக்கே மனம் பாரமாக இருந்து தூக்கம் வராத ராத்திரிகளில் 14416 என்ற டெலி-மனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதுவும் இலவசம்தான், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.